பேச்சு புரியவேண்டும், அவ்வளவுதான்

முத்தாண்டிக்குப்பம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது.

நீ அனுப்பிய சவுண்ட் பார் வேலை செய்கிறது. கூரியர் வந்ததிலிருந்து அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் பீரோ மேலேயே இருந்தது. “தம்பி வந்து மாட்டட்டும்” என்று அப்பா சொல்லிவிட்டாராம். இன்று காலை நெய்வேலியிலிருந்து கிளம்பி வந்தேன்; மாட்டி முடித்துவிட்டு, ராத்திரிக்கு இங்கேயே தங்கிவிட்டேன். அப்பா உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எப்படி மாட்டினீர்கள், மாமியார் வீட்டுக்கும் இதே மாதிரி ஒன்று வாங்கலாமா என்று போனில் கேட்டாய். சிவப்பு பின், வெள்ளை பின் என்று போனில் சொன்னால் வைத்த மறுநிமிஷம் மறந்துபோகும். எழுதினால் உனக்கும் உதவும். இதையே ஒரு நகல் எடுத்து டிவி ஸ்டாண்டு டிராயரிலும் போட்டுவைக்கப் போகிறேன். நாளைக்கு யாராவது ஒயரைப் பிடுங்கிவிட்டால் அம்மா எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒயரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அப்பாவின் காதைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் வந்ததும் அப்பா சொன்ன குறை இதுதான்: “பேசுறது கேக்குதுடா. என்ன பேசுறான்னுதான் தெரியல.” சத்தம் போதவில்லை என்று அவர் சொல்லவில்லை, கவனி. சொல் பிடிபடவில்லை என்கிறார். அதற்காக வால்யூமை ஏற்றுகிறார். ஏற்றினால் விளம்பரமும் பின்னணி இசையும் சேர்ந்தே ஏறுகின்றன. அப்பாவுக்குச் சொல் பிடிபட்டபாடில்லை, அம்மாவுக்குத் தலைவலி. சீரியல் நேரத்தில்கூட அம்மா கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறாராம்.

வயதாகும்போது காது எல்லா ஒலியையும் ஒரே அளவாக இழப்பதில்லை. மேல் சுருதிதான் முதலில் போகும். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளுக்குத்தான் பலம் அதிகம். அவை கீழ்ப்பகுதியில் இருக்கின்றன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக்காட்டுகிற ச, த, க போன்ற மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மெல்லியதாக இருக்கிறது. அந்த இடம் அடைத்துக்கொண்டால் யாரோ பேசுவது நன்றாகவே கேட்கும். பத்து என்றானா, சத்து என்றானா, கத்து என்றானா என்பதுதான் தெரியாது. அப்பா எத்தனையோ வருஷம் டீசல் என்ஜின் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் தண்ணீர் பாய்ச்சியவர். பெருஞ்சத்தத்தில் பல காலம் கிடந்த காதில் முதலில் பள்ளம் விழுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் என்று காது டாக்டர்கள் சொல்வார்கள். அப்பாவுக்கு வயதும் சேர்ந்துகொண்டது, என்ஜினும் சேர்ந்துகொண்டது.

இதில் டிவியின் பங்கும் உண்டு. நான் ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்துப் படக்குழாய் டிவிக்கு முதுகு பெரியது. உள்ளே ஸ்பீக்கருக்கு இடம் இருந்தது. நிறைய செட்டில் அது திரைக்குப் பக்கத்திலேயே முன்னால் பார்த்து இருக்கும். 2006-ல் அரசாங்கம் கொடுக்க ஆரம்பித்த 14 அங்குல இலவச டிவியில் படம் சின்னதுதான், ஆனால் செய்தி வாசிக்கிறவர் சொல்வது புரிந்தது. இப்போது வருகிற தட்டை டிவியில் ஓரச்சட்டம் விரல் அகலம்கூட இல்லை. ஸ்பீக்கரைக் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ வைக்கிறார்கள். சத்தம் சுவரில் மோதி, டைல்ஸ் தரையில் மோதி, கான்கிரீட் தளத்தில் மோதி, அதற்கப்புறம்தான் அப்பாவின் நாற்காலிக்கு வருகிறது. அதற்குள் சொல்லின் கூர் மழுங்கிவிடுகிறது. சவுண்ட் பார் செய்கிற முக்கியமான உதவி இதுதான்: ஸ்பீக்கர் நேராக மனிதர் முகத்தைப் பார்க்கிறது. தியேட்டர் மாதிரி அதிர்வதெல்லாம் நமக்குத் தேவையில்லை.

இனி மாட்டிய கதை. டிவியைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. போனில் டார்ச்சைப் போட்டு, கையை டிவிக்குப் பின்னால் நீட்டி, நாலு போட்டோ எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்த வீட்டிலும் முதல் வேலை இதுதான். பாரில் என்னென்ன வசதி இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். டிவியிலிருந்து சத்தம் வெளியே வர வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

நம் டிவியில் இருந்தவை: எச்.டி.எம்.ஐ. துளை இரண்டு, யு.எஸ்.பி. ஒன்று, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை மூன்று, கேபிள் ஒயர் திருகுகிற இடம் ஒன்று, இயர்போன் படம் போட்ட சின்னத் துளை ஒன்று. அவ்வளவுதான். வயலுக்குத் தண்ணீர் வரும் மடை வேறு, போகும் மடை வேறு அல்லவா? டிவியின் முதுகிலும் அப்படித்தான். ‘இன்’ என்று போட்டிருப்பது வரும் மடை. ‘அவுட்’ என்று போட்டிருப்பது போகும் மடை. நம் டிவியில் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை மூன்றும் ‘இன்’. அதில் ஒயரைச் செருகிவிட்டு பாரில் சத்தம் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை. ஹோம் தியேட்டர் வந்த காலத்திலேயே, இந்த ஒரே காரணத்துக்காகப் புது செட்டைப் ‘பழுது’ என்று சொல்லி என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. யு.எஸ்.பி. துளையும் அதே கதைதான். பென்டிரைவிலிருந்து படம் உள்ளே போகும், டிவியின் சத்தம் அது வழியாக வெளியே வராது.

பாரோடு எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்று வந்திருந்தது. அட்டைப்பெட்டியிலும் அதை மாட்டுவதாகத்தான் படம் போட்டிருக்கிறார்கள். ஆனால் டிவியின் எச்.டி.எம்.ஐ. துளைக்குப் பக்கத்தில் ‘ஏ.ஆர்.சி.’ என்ற மூன்று எழுத்து இருந்தால்தான் அந்தத் துளை சத்தத்தை வெளியே கொடுக்கும். இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ள மட்டும்தான் தெரியும். நம் டிவியில் அந்த மூன்று எழுத்து எந்தத் துளையிலும் இல்லை. அந்த ஒயரைச் சுற்றி டிராயரில் வைத்துவிட்டேன். வீணில்லை, வேறு எதற்காவது ஆகும்.

மிச்சம் இருந்தது இரண்டு வழி. ஒன்று, கேபிள் பெட்டியின் பின்னால் உள்ள சிவப்பு-வெள்ளை ‘அவுட்’டிலிருந்து நேராக பாருக்கு ஒயர் இழுப்பது. இன்னொன்று, டிவியின் இயர்போன் துளையிலிருந்து பாரின் ‘ஆக்ஸ்’ துளைக்கு இழுப்பது. பெட்டியிலிருந்து எடுத்தால் சத்தம் சுத்தமாக இருக்கும். ஆனால் கேபிள் சானல் மட்டும்தான் பாரில் வரும். டிவிடி போட்டாலோ டிவியில் பென்டிரைவ் செருகினாலோ பார் வாயைத் திறக்காது. இன்னொரு தொல்லையும் உண்டு. டிவி படத்தைச் சரிசெய்து காட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். பெட்டியிலிருந்து குறுக்குவழியில் வந்த சத்தம் அதற்குள் முந்திக்கொள்ளும். குரல் முதலில், உதடு பின்னால். அப்பா மாதிரி காது மந்தமானவர்கள் தங்களை அறியாமலே உதட்டையும் பார்த்துத்தான் சொல்லைப் பிடிக்கிறார்கள். உதடும் குரலும் பிசகினால் இருந்ததும் போய்விடும். அதனால் இயர்போன் துளையையே எடுத்துக்கொண்டேன். டிவிக்கு எது வந்தாலும் அது பாருக்கும் வந்துவிடும், படத்தோடு ஒட்டியே வரும்.

இரண்டு முனையிலும் இயர்போன் பின் இருக்கிற ஒயரை நெய்வேலி மெயின் பஜாரில் வாங்கி வந்திருந்தேன். ஆனையா குதிரையா விலை, அதற்கு நீ பணம் போடவேண்டாம். அதைச் செருகியதுமே டிவியின் சொந்த ஸ்பீக்கர் அடங்கிவிடும். அம்மாவிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன்: பார் அணைந்திருந்தால் டிவி ஊமை, டிவி ரிப்பேர் இல்லை.

அடுத்தது ரிமோட். கேபிள் பெட்டிக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, பாருக்கு ஒன்று. மூன்றிலும் வால்யூம் பட்டன் இருக்கிறது. மூன்றையும் மாற்றி மாற்றி அழுத்தினால் எது எங்கே நிற்கிறது என்று ஆண்டவனுக்கே தெரியாது. நான் செய்த ஏற்பாடு இது: பெட்டியின் வால்யூமைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்துவிட்டேன். டிவியின் வால்யூம் நூற்றுக்கு எழுபது, எழுபத்தைந்தில் நிற்கிறது. இரண்டையும் இனிமேல் தொடக்கூடாது. ஏற்ற இறக்கமெல்லாம் பாரின் ரிமோட்டில் மட்டும். டிவியில் ரொம்பக் குறைத்து பாரில் ஏற்றினால் ‘உஸ்’ஸென்று இரைச்சல் வரும், டிவியில் ரொம்ப ஏற்றினால் குரல் கரகரக்கும். அதனால்தான் நடுவாக ஒரு இடம்.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? டிவி ரிமோட்டைப் பாலிதீன் கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். பார் ரிமோட்டில் வால்யூம் ஏற்றுகிற பட்டனுக்கு மேலே சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று, இறக்குகிற பட்டனுக்குக் கீழே கறுப்புப் பொட்டு ஒன்று. அப்பா கண்ணாடி போடாமலே விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறார். கம்பெனிக்காரன் செய்யவேண்டிய வேலையை அண்ணி செய்துவிட்டார்.

கரண்ட் போய் வந்தால் இந்த பார் தானாக புளூடூத்துக்கு மாறிவிடுகிறது. அப்போது ரிமோட்டில் ‘இன்புட்’ பட்டனை, முன்பக்கச் சின்னத் திரையில் ‘ஆக்ஸ்’ என்று வரும்வரை அழுத்தவேண்டும். அம்மாவை என் முன்னாலேயே மெயினை அணைத்துப் போட்டுப் பழகவைத்துவிட்டேன்.

பாரை டிவிக்குக் கீழே ஸ்டாண்டின் முன்விளிம்பை ஒட்டி வைத்திருக்கிறேன். உள்ளே தள்ளி வைத்தால் பலகையே சத்தத்தைத் தடுத்துவிடும். ரொம்ப உயரமான பாராக இருந்தால் டிவியின் ரிமோட் கண்ணை மறைக்கும். இது குட்டை, பிரச்சினை இல்லை. பாரில் ‘வாய்ஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் பேச்சு இருக்கிற பகுதி மட்டும் கொஞ்சம் எடுப்பாக வரும். ‘பேஸ்’ஸை நன்றாகக் குறைத்துவிட்டேன். உறுமல் குறைந்தால்தான் சொல் மேலே வரும்.

சோதனைக்கு ஏழு மணிச் செய்தியை வைத்தோம். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வாசிக்கிற பெண் ஒரு வரி சொல்லி முடித்ததும், “மேட்டூர் நீர்மட்டம் சொல்றா” என்றார். ஒவ்வொரு வரியாகத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். பாரின் வால்யூம் 14-ல் நின்றது. அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “இதுக்கு மேல ஏத்தாதீங்க” என்றார். அப்பா ஏற்றவில்லை, ஏற்ற அவசியம் வரவில்லை.

மற்ற சாமான்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். அம்மாவின் போன் புளூடூத்தில் சேர்ந்துவிட்டது. காலையில் சாமி பாட்டுக்கு அது போதும். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். பாட்டு மட்டும் கேட்கும்போது அது தெரியாது, படத்தோடு பார்த்தால்தான் உறுத்தும். டிவியில் புளூடூத் இருந்தால் ஒயரே வேண்டாமே என்று யாராவது சொன்னால், முதலில் உதட்டைப் பார்க்கச் சொல். இன்னொரு எச்சரிக்கை: போன் பாரோடு சேர்ந்திருக்கும்போது நீ அனுப்புகிற வாட்ஸப் வாய்ஸ் மெசேஜும் பாரில்தான் வரும். இன்று மத்தியானம் நீ மாமியாரைப் பற்றிச் சொன்னது வாசல் வரை கேட்டது. நல்லவேளை, வாசலில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பாரின் பக்கவாட்டில் இருக்கிற யு.எஸ்.பி. துளையில் எம்.பி.3 பாட்டு ஏற்றிய பென்டிரைவைச் செருகினால் டிவியைப் போடாமலே பாடும். ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு ஏற்றித் தரச்சொல்லி அம்மா கேட்டிருக்கிறார். நீ ஏற்றி அனுப்பு. பழைய டிவிடி பிளேயர், உன் தம்பி பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி, இரண்டுக்கும் புது வேலை ஒன்றுமில்லை. பிளேயரை மஞ்சள்-சிவப்பு-வெள்ளையிலும் கணினியை எச்.டி.எம்.ஐ.யிலும் டிவியில் மாட்டினால் போதும். டிவிக்கு வந்தது பாருக்கும் வந்தது. கணினியில் மட்டும் சத்தம் டிவிக்குப் போகும்படி அமைப்பில் தேர்ந்தெடுக்கவேண்டும்.

டிரான்சிஸ்டரையும் இதில் மாட்டலாமா என்று அப்பா கேட்டார். மாட்டலாம்தான். ஆனால் அந்த ரேடியோவின் இயர்போன் துளை ஒற்றைக் காதுக்கானது. சாதாரண ஒயரைப் போட்டால் பாரில் ஒரு பக்கம் மட்டும் பாடும். ஒவ்வொரு தடவையும் டிவி ஒயரைப் பிடுங்கி மாட்டவும் வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது புதுச்சேரி வானொலியை வைத்து ஊருக்கே சேதி சொன்ன செட் அது. அது பேட்டரியோடு தோப்புக்கு அப்பா கூடவே போய்வரட்டும்.

இப்போது உன் மாமியார் வீட்டுக்கு வருகிறேன். அவர்கள் டிவி புதிது என்றாய். அப்படியானால் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இருக்க வாய்ப்பு அதிகம். 2009-ல் வந்த ஏற்பாடு இது. இருந்தால் ஒரே ஒயர் போதும். டிவியில் ஏ.ஆர்.சி. போட்ட துளையிலிருந்து பாரில் ஏ.ஆர்.சி. போட்ட துளைக்கு மாட்டவேண்டும். பக்கத்துத் துளையில் மாட்டினால் வராது. பிறகு டிவியின் செட்டிங்கில் சத்தம் வெளியே போகும் இடத்தை மாற்றவேண்டும். சி.இ.சி. என்கிற வசதியையும் திறந்துவிடவேண்டும். அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதைத் திறந்தால் டிவி ரிமோட்டிலேயே பாரின் வால்யூம் ஏறி இறங்கும். டிவியை அணைத்தால் பாரும் அணையும். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. இ-ஏ.ஆர்.சி. என்று புதிதாக ஒன்று சொல்வார்கள். கேபிள் பார்க்கிற வீட்டுக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம்.

ஏ.ஆர்.சி. இல்லாமல் ‘ஆப்டிக்கல்’ என்று சதுரமாக, சின்ன மூடி போட்ட துளை இருந்தாலும் நல்லதுதான். ஜப்பானில் தோஷிபா 1983-ல் கொண்டுவந்தது. ஒளி வழியாகச் சத்தம் போகும். ஒயரின் இரு முனையிலும் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகிவிட்டு வரவில்லை என்பார்கள், பார்த்துக்கொள். ஒயரை மடக்கிக் கட்டக்கூடாது. எல்லாம் சரியாக மாட்டியும் சத்தம் இல்லையென்றால் டிவியின் டிஜிட்டல் ஆடியோ அமைப்பை ‘பி.சி.எம்.’ என்று மாற்று. விலை குறைந்த பார்கள் சிலவற்றுக்கு டால்பி புரியாது. ஆப்டிக்கலில் டிவி ரிமோட் பெரும்பாலும் பாரின் வால்யூமை மாற்றாது. அங்கேயும் ஸ்டிக்கர் பொட்டு தேவைப்படும்.

வாங்கும்போது வாட்டைப் பார்த்து மயங்காதே. டேப் ரெக்கார்டர் காலத்தில் கையகல செட்டில் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று ஒட்டியிருப்பான். ஒரு நொடிகூட நிற்காத உச்சத்தைக் கணக்கு காட்டுகிற எண் அது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதுதான் ஓரளவு நம்பக்கூடிய கணக்கு. நம் அளவு ஹாலுக்கு அதுவும் பெரிதாக வேண்டாம். 5.1, அட்மாஸ் என்றெல்லாம் அட்டையில் இருக்கும். இயர்போன் ஒயரில் மாட்டினால் போவது இரண்டே தடம்; அப்போது அந்தக் காசு வீண். ஏ.ஆர்.சி., ஆப்டிக்கல், ஆக்ஸ் மூன்றும் இருக்கிறதா, வாய்ஸ் பட்டன் இருக்கிறதா, எந்த வழியில் இருக்கிறது என்று காட்டுகிற திரை இருக்கிறதா, ரிமோட் பட்டன் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார். தனியாக உறுமல் பெட்டி வைத்ததை வாங்காதே. கேட்கிறவருக்குப் பேச்சுதான் வேண்டும்.

நம் வீட்டில் மாட்டிய கையோடு ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வந்தது. ஆக்ஸ் ஒயர் கரண்ட் ஒயரோடு பின்னிக் கிடந்தது. பிரித்து மறுபக்கமாக விட்டதும் நின்றுவிட்டது. டிவி, பெட்டி, பார் மூன்றையும் எர்த் உள்ள ஒரே போர்டில் செருகியிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் போர்டை அணைப்பது மட்டும் போதாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பிளக்கையும் பிடுங்கவேண்டும், கேபிள்காரர் ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றவேண்டும். மின்னல் அந்த ஒயர் வழியாகவும் வரும். இப்போது மூன்றும் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் ஒன்றுக்கு வந்தது மற்றதையும் கொண்டுபோகும்.

எல்லாம் சரி. ஆனால் பாப்பா, பார் டிவிக்கு மட்டும்தான். அம்மா அடுப்படியிலிருந்து கேட்பதற்கும், பேரன் போனில் கொஞ்சுவதற்கும், முந்திரி வியாபாரி விலை சொல்வதற்கும் பார் கிடையாது. இன்று சாப்பிடும்போது நான் கேட்ட இரண்டு கேள்விக்கு அப்பா சிரித்துத் தலையாட்டினார். அந்தக் கேள்விகள் தலையாட்டுகிற கேள்விகள் இல்லை. காதுப் பரிசோதனை ஒன்று செய்துவிடவேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காட்டலாம். காதில் மாட்டி ஒவ்வொரு சுருதியாகக் கேட்கவைத்துப் படம் போட்டுத் தருவார்கள்; வலியே கிடையாது. சில சமயம் குறும்பியை எடுத்தாலே பாதி சரியாகும். மெஷின் தேவைப்பட்டால் அதையும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அமைப்பார்கள். நான் சொன்னால், “எனக்கு என்னடா, நல்லாத்தான் கேக்குது” என்பார். நீ சொன்னால் கேட்பார். அடுத்த தடவை வரும்போது ஒரு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொண்டு வா.

அதுவரை போனில் பேசும்போது கத்தாதே. நீ கத்தினால் மேலே ஏறுவது அந்த ‘ஆ’வும் ‘ஓ’வும்தான். கொஞ்சம் நிதானமாக, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடம் விட்டுப் பேசு. வீடியோவில் கூப்பிட்டால் உன் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார். பேரனுக்கும் சொல்லிக்கொடு.

மாமியார் வீட்டு டிவியின் பின்பக்கத்தை நான் சொன்ன மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்து தெரியும்படி, கிட்டத்தில். அதைப் பார்த்துவிட்டு எந்த பார் வாங்கலாம் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் தள்ளுபடி என்று எதையாவது பார்த்துக் காசைக் கட்டிவிடாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள சித்தப்பா.